குறிப்பில் ஏறாத உதை

பிளாட் புஷ், ஆக்லாந்து
2 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

ரத்னா எழுதுவது. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன், வரவில்லை. ஒஹாயோவில் நீயும் கல்யாணி அண்ணியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பதினான்கு மாதமாக உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். அப்படியேதான் இருக்கும். போனில் உன் குரல் கம்மினால் நான் இளகிவிடுவேன், அந்த வித்தை உனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் காகிதம். நீ சொல்வது எனக்கு எழுத்தில் வேண்டும்.

நேற்று கதிர் பெயருக்கு உங்கள் மார்ஷ்வுட் பல்கலைக்கழகத்திலிருந்து வழவழவென்று ஓர் அட்டை வந்தது. 'மார்ஷ்வுட் ஃபுட்பால், 1921 முதல் 2023 வரை. எழுதுபவர்: பேராசிரியர் வரதராஜன்.' அக்டோபரில் வெளியீடாம். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு, 'நாங்கள் ஜெயித்த கடைசி ஆட்டம்'. முன்பதிவு செய்தால் தொப்பி இலவசம். எங்களுக்கு எத்தனை தொப்பி அனுப்புவாய்?

அந்த ஆட்டத்தில்தான் என் பிள்ளையின் தலையில் அடிபட்டது. பள்ளி ரக்பியில் அவன் பந்தை உதைக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு நீதான் அவனைக் கூப்பிட்டாய். "அமெரிக்க ஃபுட்பால்ல உதைக்கிறதுக்குன்னே ஒரு ஆள் வெப்பாங்க ரத்னா. நாலாவது முயற்சிக்கு வந்து பந்தை நீளமா உதைச்சுட்டு ஓரமா போய் உட்காந்துக்குவான். அவனைத் தொடவே கூடாதுன்னு விதி இருக்கு. படிப்பும் இலவசம்" என்றாய். தாய்மாமன் பார்த்துக்கொள்வான் என்று நானும் விமானம் ஏற்றினேன்.

முதல் பாதியில் அடிபட்டு ஓரமாக உட்கார்ந்தவனைக் கடைசியில் மறுபடி இறக்கியது யார்? 'தன் நிலையை மறைத்து, தானாகவே களம் இறங்கினான்' என்று உங்கள் பல்கலைக்கழகம் எழுதி அனுப்பியது. அவனுக்கு அந்த நாள் துளிகூட நினைவில்லை. அதனால் அதையே நம்புகிறான். டம்ளர் கை நழுவினால்கூட "ஸாரி மம், என் தப்பு" என்கிறான். எல்லாமே தன் தப்பு என்று இருபத்திரண்டு வயதில் ஒருவன் ஜன்னல் திரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உன் புத்தகத்தில் கதிர் எந்தப் பக்கத்தில் வருகிறான் என்று எழுது.

ரத்னா

*

மார்ஷ்வுட், ஒஹாயோ
24 மார்ச் 2025

அன்புத் தங்கை ரத்னாவுக்கு,

அண்ணன் வரதராஜனின் ஆசிகள். மாப்பிள்ளை ராம்பிரசாத், கதிர், நீ, மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் பிரார்த்திக்கிறேன். கல்யாணிக்கு முழங்கால் வலி, வேறு குறையில்லை. உன் கையெழுத்தைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள்.

புத்தகம் பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டதால் எழுதுவது. இது சின்ன இடம் ரத்னா, ஆயிரத்து இருநூறு மாணவர்கள்தான். 1921-ல் பதினாறு பையன்கள் தோல் தொப்பி போட்டுக்கொண்டு சோளக்காட்டை வெட்டி மைதானம் ஆக்கினார்கள். கோல் கம்பம், பண்ணைக் குழாய். போர் வந்தபோது மூன்று வருஷம் அணியே இல்லை. 1968-ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நான் 1996-ல் வந்தேன். புள்ளியியல் பாடம் எடுப்பவன்தானே என்று கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து ஆட்டக்குறிப்பு எழுத உட்கார வைத்தார்கள். 2023-ல் அணியையே மூடும்வரை இருபத்தேழு வருஷம் எழுதினேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கடைசி உதையின்போது எதிரணி ஆள் ஒருவன் கதிர்மேல் மோதினான். உதைப்பவன்மேல் மோதினால் தண்டனை: எதிரணிக்குப் பதினைந்து கஜம் நஷ்டம், நமக்குப் புதிதாக நான்கு முயற்சிகள். தண்டனையை ஏற்றுக்கொண்டால் அந்த உதை நடக்காததாகவே கொள்ளப்படும். அதனால் குறிப்பில் உதைத்தவன் பெயர் ஏறாது. நான் எதையும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் இதே விதிதான்.

அவனை யார் இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆட்டம் முழுக்க நான் மேலே கண்ணாடி அறையில் பென்சிலும் கையுமாக இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

*

பிளாட் புஷ்
12 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு,

நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறாயாமே. நலம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்.

கதிர் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் படிக்கலாம். அதற்கு மேல் போனால் வாந்தி. போன் திரை ஆகாது. இவர் தன்னோடு பென்ரோஸில் கிடங்கு வேலைக்குச் சேர்த்துவிட்டார். மூன்றாம் நாள் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது போடுகிற 'பீப்' சத்தம் தாங்காமல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். போன வாரம் தெருமுனை டெய்ரிக்குப் பால் வாங்கப் போனவன் எதற்கு வந்தோம் என்று மறந்து, கடைக்காரர் பொன்சாமியிடமே கேட்டிருக்கிறான். அவர் நல்ல மனுஷர், பாலைக் கையில் கொடுத்து வீடுவரை கூட்டிவந்து விட்டார். வாசலில் நின்று என் பிள்ளை எங்கள் இரண்டு பேரிடமும் ஸாரி சொன்னான்.

நான் மனுகாவில் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று ஊராருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். இவனுக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை.

நடக்காத உதையாம்! நடக்காத உதைக்கு எப்படி அண்ணா என் பிள்ளை நாற்பது நிமிஷம் கண் திறக்காமல் கிடந்தான்? அந்தப் பதினைந்து கஜத்தை மட்டும் எடுத்துக்கொண்டீர்களே, அது நடந்ததா? அதை வைத்துத்தானே ஜெயித்தீர்கள்? பத்தொன்பது ஆட்டம் வரிசையாகத் தோற்றவர்கள் என் பிள்ளை விழுந்த இடத்திலிருந்து எழுந்து போய் ஜெயித்துவிட்டு, அவன் பெயருக்கு இடமில்லை என்கிறீர்கள்.

1921-ல் யார் தோல் தொப்பி போட்டால் எனக்கென்ன! கேட்டதற்குப் பதில் சொல்.

ரத்னா

*

மார்ஷ்வுட்
5 மே 2025

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் கோபம் நியாயம். படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. கதிருக்குத் தினமும் இரவில் ஊறவைத்த பாதாம் கொடுக்கச் சொல்கிறாள் கல்யாணி. மாப்பிள்ளையின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

அன்று மைதானம் எப்படி இருந்தது தெரியுமா? ஆட்டத்துக்குச் செலவிடப் பல்கலைக்கழகத்துக்கு மனமில்லை, அந்த வருஷத்தோடு மூடிவிடுவார்கள் என்று பேச்சு. ஓர் ஆட்டம் ஜெயித்தால் மனம் மாறும் என்று எல்லோரும் நம்பினோம். பதினான்குக்குப் பதினான்கு என்று நின்றது. ஆறு நிமிஷம் பாக்கி. 1968-ல் ஆடிய கிழவர்கள் போர்வையோடு எழுந்து நின்றார்கள். கதிரைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொன்னதே இல்லை.

உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்லட்டுமா? அன்று அவன் என்னோடு தமிழில் பேசினான். நீ வருஷக்கணக்காகக் கெஞ்சியும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போயும் வாயைத் திறக்காதவன், அவ்வளவு பேர் நடுவில் அழகாகத் தமிழில் பேசினான். நீ வளர்த்தது வீண் போகவில்லை அம்மா.

மனதைத் தளரவிடாதே.

அண்ணன்

*

பிளாட் புஷ்
23 மே 2025

அண்ணாவுக்கு,

இரண்டே கேள்வி.

நீ மேலே கண்ணாடி அறையில் இருந்தாய். அவன் கீழே ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பேர் நடுவில் உன்னோடு எப்படிப் பேசினான்?

தமிழில் என்ன பேசினான்?

ரத்னா

*

மார்ஷ்வுட்
20 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கதிர் காதை மூடிக்கொண்டு வெளியே போகட்டும். கல்யாணிக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். புத்தகத்தின் அச்சுப்படி திருத்துவதில் கழுத்து முறிகிறது. கதிர் சீருடையில் நிற்கிற படம் ஒன்று கிடைத்தது, இத்துடன் இருக்கிறது. மற்றவை பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

*

பிளாட் புஷ்
13 ஜூலை 2025

வரதராஜனுக்கு,

படம் வேண்டாம். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என் பிள்ளை ஐந்து வயதில் இங்கே பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தமிழ் பேசியதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். வீட்டுக்கு வீடு இங்கே அதுதான் நடக்கிறது. அதற்கு நான் கெஞ்சியதும் உண்மை, சண்டை போட்டதும் உண்மை. ஒரே ஒரு தடவைதான் பேசினான். 2011-ல், எட்டு வயதில், காய்ச்சல் நூற்று மூன்றுக்கு மேல் ஏறி, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பிதற்றியபோது. அப்போது பக்கத்தில் யார் இருந்தது? நீ. லீவுக்கு வந்திருந்தாய். நெற்றியில் ஈரத்துணி போட்டவன் நீ. "தமிழ்ல பேசறான் ரத்னா, புத்தி தடுமாறுது, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று காரை எடுக்கச் சொன்னவனே நீ!

அவன் தமிழில் பேசினால் என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

என்ன பேசினான்? யார் உன்னைக் கீழே கூப்பிட்டார்கள்? நீ என்ன சொன்னாய்?

நலம் விசாரித்து ஒரு வரி எழுதினாலும் படிக்காமல் கிழித்துப்போடுவேன். பாதாமாம்!

ரத்னா

*

மார்ஷ்வுட்
3 செப்டம்பர் 2025

ரத்னா,

ஏழு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான்காம் பகுதியில் மாற்று உதைகாரனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கதிர் எழுந்து நின்றான். அணியின் உடல்நலப் பொறுப்பாளர் தலையில் அடிபட்டவர்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை அவனிடம் கேட்டிருக்கிறார். எந்த ஊர், எத்தனையாவது பகுதி, யாருக்கு எத்தனை. கதிர் தமிழில் பதில் சொல்லியிருக்கிறான். தன் மொழியில் பேசுகிறான் போலிருக்கிறது என்று நினைத்து அவர் மேலே எனக்குப் போன் செய்தார். கீழே இறங்கிப் போனேன்.

அவர் மறுபடி கேட்டார். கதிர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "அம்மா வந்தாச்சா? ஷூ எல்லாம் சேறு. கார்ல ஏற விடமாட்டாங்க."

சின்னப் பிள்ளைக் குரல். எனக்குத் தெரிந்துவிட்டது ரத்னா. அந்த நொடியே தெரிந்துவிட்டது. 2011-ம் நினைவுக்கு வந்தது.

"என்ன சொல்கிறான்?" என்றார் அவர். பயிற்சியாளர் ஓடி வந்தார். இருபத்தேழு வருஷமாக என்னை 'ப்ரொஃபசர்' என்று மட்டுமே கூப்பிட்டவர், அன்றுதான் என் தோளைப் பிடித்து, "ராஜ், பையன் சரியாக இருக்கிறானா?" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவனை.

நான் சொன்னேன்: "எல்லாம் சரியாகச் சொல்கிறான். மார்ஷ்வுட், நான்காம் பகுதி, பதினான்குக்குப் பதினான்கு. தயார் என்கிறான்."

அவர்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். பிறகு மேலே போய்ப் பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

அவன் எதையும் மறைக்கவில்லை. பல்கலைக்கழகம் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் அவர்கள் அவன்மேல் பழியைப் போட்டு எழுதினார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். விதிப்படி அந்த உதை குறிப்பில் ஏறாது என்பது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போது எழுதும்போது கை நடுங்குகிறது.

வரதராஜன்

*

பிளாட் புஷ்
21 செப்டம்பர் 2025

வரதராஜனுக்கு,

உன் கடிதத்தைக் கார் நிறுத்துமிடத்தில் படித்தேன். அரை மணி நேரம் இறங்க முடியவில்லை. கடையில் என்னோடு வேலை செய்கிற ரஷ்மி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

மழைக்கால ரக்பி முடிந்ததும் சேற்றுக் காலோடு அவன் ஓடி வருவான். நான் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு, "ஷூவைக் கழட்டு, அப்புறம் ஏறு" என்று கத்துவேன். அந்த நான் வந்துவிட்டேனா என்றுதான் கேட்டிருக்கிறான். என் பிள்ளை அம்மாவைக் கேட்டான், நீ அதைத் 'தயார்' என்று சொல்லிவிட்டாய். உன் மடியில் உட்கார வைத்துத்தானே அவனுக்குக் காது குத்தினோம்! அந்தப் பயிற்சியாளன் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கா அவனைக் கொடுத்தாய்?

கல்யாணி அண்ணி அழுதாள், உனக்குக் கை நடுங்கியது என்றெல்லாம் எழுதாதே. எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். இதே உண்மையைப் பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அடுத்தது, கதிருக்கு நேராக எழுது. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுது. பத்து நிமிஷத்தில் கண் வலித்துவிடும், அதனால் சுற்றி வளைக்காமல் எழுது. அவன் சொன்ன தமிழ் வார்த்தைகளை அப்படியே எழுது. நான் மொழிபெயர்க்க மாட்டேன். மொழிபெயர்ப்பு போதும்.

இவரிடம் சொன்னேன். அவர் போய்ப் பெட்டியிலிருந்த கல்யாண ஃபோட்டோவிலிருந்து உன்னை வெட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை.

ரத்னா

*

மார்ஷ்வுட்
20 அக்டோபர் 2025

ரத்னா,

நலம் விசாரிக்க எனக்கு உரிமையில்லை, விசாரிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறேன் என்று கேட்டேன், அச்சு முடிந்துவிட்டது என்றார்கள். என் பெயரையாவது எடுங்கள் என்றேன், அட்டையில் மட்டும் எடுத்தார்கள். போன சனிக்கிழமை புத்தகம் வெளிவந்தது. கடைசி அத்தியாயம் நான் எழுதியபடியே இருக்கிறது. 'எதிரணியின் தவறால் கிடைத்த பதினைந்து கஜம்' என்று ஒரு வரி. யார் கீழே கிடந்தான் என்று இல்லை. அந்த வரியை எழுதியபோது நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். இனி நான் நேரில் வர வேண்டாம், எதுவானாலும் வக்கீல் மூலம் பேசிக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது.

கதிருக்கு எழுதிய கடிதம் தனி உறையில். அந்த ஆட்டத்தின் குறிப்புத்தாள் என்னிடம்தான் இருந்தது. நான்காம் பகுதியில், தண்டனை என்று மட்டும் குறித்த வரிக்குப் பக்கத்தில் 'கதிர் ராம்பிரசாத், 51 கஜம்' என்று எழுதியிருக்கிறேன். விதிப்படி தப்பு. அதையும் வைத்திருக்கிறேன்.

வரதராஜன்

*

பிளாட் புஷ்
9 நவம்பர் 2025

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கக் கதிருக்கு நான்கு நாள் ஆயிற்று, ஒரு நாளைக்குப் பத்து நிமிஷமாக. யாரும் படித்துக் காட்ட வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டான். நான் வெளியே தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் சமையலறைக்கு வந்தான். கையில் காகிதம். இங்கிலீஷ் எழுத்தில் நீ எழுதியிருந்த தமிழை எழுத்துக்கூட்டி, "அம்மா வந்தாச்சா" என்று படித்தான். சரியாகப் படிக்கிறோமா என்று என் முகத்தைப் பார்த்தான். "வந்தாச்சுடா" என்றேன்.

பிறகு இங்கிலீஷில், "அப்ப நான் அவங்ககிட்ட பொய் சொல்லலையா மம்?" என்றான். இல்லை என்றேன். இன்னொரு முறை கேட்டான். இன்னொரு முறை சொன்னேன். இரண்டு வருஷம், அண்ணா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் முடிந்திருக்கிற இரண்டு வருஷம். தலையில் மோதியவனை நான் மன்னித்துவிட்டேன், அவன் ஆடுகிற வேகத்தில் வந்து விழுந்தான். நீ நின்று யோசித்துச் சொன்னாய்.

குறிப்புத்தாளை அவன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். ஐம்பத்தொரு கஜம் அவன் உதைத்ததிலேயே நீளமாம். அன்று காற்று எதிரே அடித்ததா, பின்னாலா என்று கேட்கச் சொன்னான். அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

நேற்று அவன் கையிலிருந்து டம்ளர் விழுந்து உடைந்தது. துடைப்பத்தை எடுத்துக் கூட்டினான். ஸாரி சொல்லவில்லை.

சாப்பிடும்போது, "அங்கிள் இங்க வருவாரா?" என்றான். எதற்கு என்றேன். "அவர் மூஞ்சியப் பார்த்து ஒண்ணு கேக்கணும்" என்றான். என்ன என்று என்னிடம் சொல்ல மறுக்கிறான். டாக்டர் இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்கிறார், அதுவரை கோபதாபம் ஏதும் அவனுக்கு ஆகாது. அதனால் இப்போது வராதே. அவன் கூப்பிடும்போது வா.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு, பிரஷர் மாத்திரையை விடாதே, பனியில் வழுக்கி விழுந்து வைக்காதே. நீ நலமாக இருந்தாக வேண்டும். அவன் கேட்கிற நாளில் உனக்கு எல்லாம் நினைவிருக்க வேண்டும்.

ரத்னா